ஏட்டில் பன்னிரண்டு பேர்

காலை ஐந்து மணியிலிருந்தே பிரெடாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தது. அவள் கணவன் விங்கோவோ குளியலறையில் விசிலடித்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அந்த வீட்டில் விசில் சத்தம் கேட்டதில்லை. கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது இன்னும் கொஞ்சம் புளிதான்.

விங்கோ லெகாத்துக்கு அறுபத்தொரு வயது. ஸ்லோவேனியாவின் யெசெனிட்சே இரும்பாலையில் முப்பத்தெட்டு வருடம் நெருப்புக்கு எதிரே நின்றவன். போன ஜூனில் தோட்டத்தில் தக்காளிச் செடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்து, மாத்திரைகளைக் கொடுத்து, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு சின்னச் சிவப்புக் குப்பியையும் கொடுத்து அனுப்பினார்கள். நடக்கலாம், பனியில்கூட நடக்கலாம், ஆனால் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விங்கோ நடக்கும்போது என்றைக்குப் பேசினான்? அதுதான் பிரெடாவின் கேள்வி. டாக்டரிடம் அதைக் கேட்க முடியவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தான்.

மலைச் சங்கத்தின் பலகையில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவனே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். பனிச்செருப்பு நடை, புதியவர்களுக்கானது, செருப்பு சங்கமே கொடுக்கும், இரண்டு மணி நேரத்தில் மெர்ஸ்லி ரோப் விடுதி, அங்கே மதியச் சாப்பாடு, சாப்பிட்டுவிட்டு இறங்க வேண்டியது. குழந்தையும் வரலாம் என்று போட்டிருந்ததாம். அப்படியென்றால் நானும் வருகிறேன் என்று பிரெடா கிளம்பினாள். விங்கோ ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைச் சேர்த்து வைத்து, வண்டி நிறுத்துமிடத்தில் சொன்னான்.

அங்கே பத்துப் புதியவர்களும் இரண்டு வழிகாட்டிகளும் நின்றார்கள். வழிநடத்துகிறவள் தடேயா, முப்பது வயதுகூட ஆகாத, நல்ல உயரமான பெண். வரிசையின் கடைசியில் வருவதற்கு மித்யா என்ற இளைஞன். அவனுக்கு அதுதான் முதல் நடை என்பது அவன் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது. தடேயா எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தாள். அகலமான பிளாஸ்டிக் தட்டில் பூட்ஸை வைத்து வாரை இழுத்துக் கட்டுவது எப்படி, அடியில் இருக்கிற பல் பனியைக் கவ்வுவது எப்படி, காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து நடப்பது எப்படி என்று காட்டினாள். பிறகு மலை வழக்கத்தை நினைவுபடுத்தினாள். ஆயிரம் மீட்டருக்கு மேலே வந்துவிட்டோம், இனிமேல் 'நீங்க' கிடையாது, டாக்டரும் 'நீ', மேயரும் 'நீ'. அந்த வழக்கம் தெரியாதவர் யாரும் அங்கே இல்லை, ஆனாலும் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்களை ஏகவசனத்தில் அழைக்க வேண்டுமே என்று அந்தச் சிறுபிள்ளை மித்யாவுக்கு மட்டும் காது சிவந்தது.

பிரெடா குனிந்து விங்கோவின் வாரைச் சரிபார்க்கப் போனாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"பிரெடா, ஒண்ணு சொல்றேன், கேப்பியா? நீ முன்னாடி போ. அந்தப் பொண்ணு பின்னாலயே போ. நான் கடைசில என் பாட்டுக்கு வரேன்."

"என்கூட நடந்தா என்ன?"

"பத்தடிக்கு ஒரு தரம் திரும்பி என் மூஞ்சியப் பாக்குற. எட்டு மாசமா பாக்குற. என்னைக்குச் சாவான்னு பாக்குற மாதிரி இருக்கு." அவன் குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவளை அதிகம் சுட்டது. "விடுதி வர்ற வரைக்கும் திரும்பிப் பாக்காத. ஒரு நாள். ஒரே ஒரு நாள் என்னை மனுசனா நடக்க விடு."

கைபேசியையும் வண்டியிலேயே வைத்துவிட்டதாகச் சொன்னான், அவள் கூப்பிடுவாள் என்று தெரிந்து. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். முப்பத்து மூன்று வருடமாக அந்த மூன்று கால் முயலுக்குத்தான் அவள் புல் போட்டுக்கொண்டிருக்கிறாள். கண்ணில் நீர் முட்டியது. அதைக் காட்டக் கூடாது என்பதற்காகவே, "சரி, பாக்கல" என்று சொல்லிவிட்டுத் தோள்பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். கோபத்தில் போகிற போக்கில் எதை மறந்தோம் என்று அவள் யோசிக்கவில்லை.

பனி முழங்கால் ஆழம், மேலே லேசாக இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு கறுக் கறுக் என்றது. தேவதாரு மரங்களுக்கு நடுவே பாதை மெல்ல ஏறியது. முன்னால் தடேயா, பின்னால் பிரெடா, பிரெடாவுக்குப் பின்னால் அனிட்சா. அனிட்சா முடிதிருத்தும் கடையை மூடிவிட்டு ஓய்வெடுப்பவள். ஆனால் வாய்க்கு ஓய்வு கொடுத்ததில்லை. மருமகள், மருமகளின் அம்மா, மருமகளின் அம்மா வளர்க்கிற நாய் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பிரெடா உம் கொட்டினாள். காதை மட்டும் அனிட்சாவையும் தாண்டிக் கடைசிவரை நீட்டி வைத்திருந்தாள். பன்னிரண்டு பேர் கறுக் கறுக் என்று நடக்கும்போது அதில் விங்கோவின் காலடி எது என்று எப்படிப் பிரிப்பது? பிரித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது வேறு யாருடையதோ என்று தோன்றியது. உடனே கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பிடித்து நிறுத்தினாள்.

ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்தி வைத்தாள். அதற்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு ஒரு சரிவு வந்தது. நெட்டுக்குத்தானது ஒன்றுமில்லை, ஆனால் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. அனிட்சாவே பேச்சை நிறுத்தினாள். சரிவின் மேலே பாதை வளைகிற இடத்தில், ஊன்றுகோலின் வாரைச் சரிசெய்கிற மாதிரி பிரெடா திரும்பினாள். கீழே, கடைசிக்கு முந்தின ஆளாக விங்கோ நின்றான். இரண்டு ஊன்றுகோலின் மேலும் உடம்பைப் போட்டு, தலை கவிழ்ந்து, நன்றாகக் குனிந்து நின்றான். அந்தக் கணமே அவன் தலையைத் தூக்கினான். நிமிர்ந்தான். சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நின்றான்.

சரி, வாரைத்தான் இழுத்துக் கட்டியிருக்கிறான் என்று பிரெடா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லிக்கொண்டாள். கீழே இறங்கிப் போனால் பத்துப் பேர் முன்னிலையில் அவன் என்ன சொல்வான் என்பதும் தெரியும். மனுசனா நடக்க விடு என்றானே, நடக்கட்டும். அந்த வார்த்தை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

விடுதி வந்தபோது மணி பதினொன்று ஐம்பது. கூரையில் ஒரு முழம் பனி, புகைக்கூண்டில் விறகுப் புகை, வாசலில் விடுதிக்காரர் லூபோ மண்வாரியோடு நின்றார். எல்லோரும் செருப்பைக் கழற்றி வாசல் பனியில் வரிசையாகச் செங்குத்தாகக் குத்தி வைத்தார்கள். உள்ளே நுழைகிற இடத்தில் பூட்ஸைக் கழற்றிக் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்ள ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே மேடையில் விடுதி ஏடு, நூலில் கட்டிய பேனா. வருகிற ஒவ்வொருவரும் பெயர், வந்த நேரம், அடுத்து எங்கே போகிறோம் என்பதை அவரவர் கையால் எழுத வேண்டும். யாராவது காணாமல் போனால் மீட்புக் குழு முதலில் கேட்பது அந்த ஏட்டைத்தான். மலைக்குப் போகிற எந்த ஸ்லோவேனியக் குழந்தைக்கும் இது தெரியும்.

பிரெடாவுக்கும் தெரியும். ஆனால் அவள் நகராட்சிப் பதிவு அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். கட்டம் போட்ட தாளைக் கண்டால் அவள் விரல் சும்மா இருக்காது. வீட்டிலும் வரிப் படிவம், மருத்துவமனைப் படிவம், தொலைக்காட்சி உத்தரவாத அட்டை எல்லாவற்றிலும் விங்கோவின் பெயரை எழுதுவது அவள்தான். பிரெடா லெகாத், 11.50 என்று எழுதினாள். கை அடுத்த வரிக்கு இறங்கி விங்கோ லெகாத், 11.50 என்றும் எழுதியது. எழுதியதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பெயர் இங்கே வந்துவிட்டது, ஆளும் வந்துவிடுவான்.

விடுதியில் இரண்டு அறை. அடுப்பு இருக்கிற உள்ளறையில் அனிட்சா இடம் பிடித்து அவளை இழுத்து உட்கார வைத்தாள். வாசல் பக்கத்து முன்னறையில் ஆண்கள் கூடினார்கள். லூபோ காட்டுப்பழச் சாராயத்தைச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றினார், சிரிப்புச் சத்தம் கேட்டது. வாசற்கதவு திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. பிரெடா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. போய் எட்டிப் பார்க்கலாமா என்று பத்துத் தடவை எழுந்தாள், மனதுக்குள்தான். எட்டிப் பார்த்தால் அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இதோ வந்துவிட்டாள் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வான். வேண்டாம். சாராயம் குடிக்கட்டும். சாராயம் குடிக்கலாமா? டாக்டர் அதைப் பற்றி என்ன சொன்னார்? இப்படியே அவள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ரிச்செட் வந்தது. பார்லியும் அவரையும் புகையில் வாட்டிய இறைச்சியும் கொதித்த கெட்டிக் கூழ், ஆவி பறக்க. லூபோ பெரிய தட்டில் அடுக்கிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்தார், உள்ளறையில் வைத்தார். கடைசியில் ஒரு கிண்ணத்தோடு நடுக்கதவில் நின்றார்.

"இது யாருக்கு? பன்னிரண்டுன்னு சொன்னீங்க. ஒண்ணு மிஞ்சுது."

பிரெடா எழுந்தாள். இம்முறை நிஜமாகவே எழுந்தாள். முன்னறையில் ஆறு பேர் கரண்டியோடு நிமிர்ந்து பார்த்தார்கள். விங்கோ இல்லை. கழிப்பறையில் இல்லை. விறகுக் கொட்டகைக்கு மித்யா ஓடினான், அங்கேயும் இல்லை. தடேயா கம்பளிச் செருப்போடு வாசலுக்குப் போய்ப் பனியில் குத்தியிருந்த செருப்புகளை எண்ணினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இரத்தம் இல்லை. பதினொரு ஜோடி இருந்தன.

மித்யா திக்கித் திக்கிச் சொன்னான். சரிவுக்கு மேலே பாதை பிரிகிற இடத்தில் விங்கோ நின்றுவிட்டாராம். நான் ஒதுங்கிவிட்டு வருகிறேன், நீ போ தம்பி, வெட்டிய மரம் இழுக்கிற இந்த மரவண்டிச் சாலை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும், உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றாராம். அப்பா வயதுக்காரரிடம் முடியாது என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. வழியெல்லாம் உறுத்தலாகவே இருந்ததாம். விடுதிக்கு வந்ததும் முதல் வேலையாக ஏட்டைத் திறந்தானாம்.

"பேர் இருந்துச்சு. பதினொன்னு அம்பதுன்னு நேரம்கூட இருந்துச்சு. சொன்ன மாதிரியே எனக்கு முன்னாடி வந்துட்டாருன்னு நெனச்சேன்."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தடேயாவும் ஏட்டில் பன்னிரண்டு பெயரை எண்ணிப் பார்த்த பிறகுதான் சாப்பாடு போடச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் ஏட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு வரியையும் பார்த்தாள். ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. தலை நிமிர்ந்தாள்.

"இதை நீங்க எழுதினீங்களா?"

காலையிலிருந்து நீ, நீ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அவள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் அந்த 'நீங்க' விழுந்ததும் அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பிரெடாவுக்கு அந்தச் சொல்லே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இது இனி நடை அல்ல, விபத்து.

"நான்தான் எழுதினேன். அவர் வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தடேயா பேனாவை எடுத்து விங்கோ லெகாத் என்ற பெயரின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். ஆள் இல்லாத பெயர் ஏட்டில் இருக்கக் கூடாது, அதுதான் முறை. பிரெடா தன் வாழ்நாளில் எத்தனையோ பெயர்கள்மேல் கோடு போட்டவள், அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழ் வந்தால் அப்படித்தான் போடுவார்கள். மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

தடேயா மீட்புக் குழுவைக் கூப்பிட்டாள். வயது, உடை, கடைசியாகப் பார்த்த இடம், நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏதாவது நோய் உண்டா என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும், பிரெடாவைப் பார்த்தாள். இதயம் என்றாள் பிரெடா, ஸ்டென்ட், நெஞ்சு வலித்தால் அடிக்கிற மருந்து கையோடு எப்போதும் இருக்கும் என்றாள். சொல்லும்போதே அவள் கை தோள்பையின் முன்பக்கப் பையைத் தடவியது. தடவிய கை அங்கேயே நின்றது. உள்ளே அந்தச் சிவப்புக் குப்பி விரலில் தட்டுப்பட்டது.

எட்டு மாதமாக அதைச் சுமப்பது அவள்தான். வண்டி நிறுத்துமிடத்தில் அவனிடம் கொடுத்திருக்க வேண்டும். கோபத்தில் மறந்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மலையில் எங்கேயோ அவன், மருந்து இங்கே. குப்பியை நீட்டினாள். தடேயா அதை வாங்கித் தன் உள்சட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

கூட வருகிறேன் என்று பிரெடா பூட்ஸைத் தேடினாள். தடேயா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். மூடுபனியில் புதியவர் ஒருவரைக் கூட்டிப்போனால் தேடவேண்டியது இரண்டு பேராகிவிடும், இங்கே இருப்பதுதான் அவருக்குச் செய்கிற உதவி என்று மெதுவாகச் சொன்னாள். அவளும் மித்யாவும் கிளம்பினார்கள். நாலு எட்டு வைத்ததும் இருவரும் வெள்ளைக்குள் மறைந்துபோனார்கள்.

அதன்பின் பிரெடாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடுப்பில் விறகு வெடித்தது. யாரும் சாப்பிடவில்லை, சாப்பிடாமல் இருக்கவும் தெரியவில்லை, கூழைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மிஞ்சின கிண்ணத்தை லூபோ அடுப்பின் ஓரத்தில் தட்டுப் போட்டு மூடி வைத்தார். அனிட்சா அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அனிட்சாவே பேசவில்லை என்பது பிரெடாவை இன்னும் பயமுறுத்தியது.

அவளுக்குள் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. ஏட்டில் எழுதியதைச் சொல்லிவிட்டாள், குப்பியைக் கொடுத்துவிட்டாள். சரிவில் திரும்பிப் பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் குனிந்து நின்றதை இந்த மலையில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பார்த்துவிட்டு நடந்தவளும் அவள்தான். கடவுளே, அவனை உயிரோடு கொடு, அவனிடமே சொல்லிவிடுகிறேன் என்று வேண்டினாள். அவள் கோயிலுக்குப் போவது ஈஸ்டருக்கு மட்டும். கடவுள் முகம் மறந்திருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் கேட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு லூபோவின் தொலைபேசி அடித்தது. அவர் கேட்டார், தலையை ஆட்டினார், மறுபடி கேட்டார். பிரெடா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சுட்டாரு. மரவண்டிச் சாலையில பழைய புல் கொட்டகைல உக்காந்திருக்காரு. மருந்து அடிச்சாச்சு, பேசுறாரு." லூபோ தொலைபேசியைப் பொத்திக்கொண்டார். "ரொம்பவே பேசுறாராம். மீட்புக் குழு வந்திருச்சு. சறுக்குக் கட்டில்ல ஏற மாட்டேன்னு அடம் பிடிக்கிறாராம். விடுதிக்கு நடந்து வந்து ரிச்செட் சாப்பிட்டுட்டுத்தான் போவாராம். உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

பிரெடா அழுதாள். பத்து மாதக் குழந்தை மாதிரி எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே பூட்ஸ் வாரைக் கட்டினாள்.

லூபோ தன் பனி மோட்டார் வண்டியின் பின்னால் அவளை உட்கார வைத்துக்கொண்டு போனார். கொட்டகை பாதி பனியில் புதைந்திருந்தது. வாசலில் சிவப்புச் சட்டைக்காரர்கள் மூன்று பேர், பக்கத்தில் பட்டைகள் தொங்கும் சறுக்குக் கட்டில். தடேயா பனியில் மண்டியிட்டுக் கொட்டாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மித்யா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தான். உள்ளே பழைய வைக்கோல்மேல், மீட்புக் குழுவின் தங்கநிறத் தகட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, சாம்பல் பூத்த முகத்தோடு விங்கோ உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தை இறுக்கினான்.

"இவங்ககிட்ட சொல்லு. எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. வலி போயிடுச்சு. உருளைக்கிழங்கு மூட்டையாட்டம் கட்டி இழுத்துட்டுப் போனா ஊர் சிரிக்கும்."

பிரெடா அவன் எதிரே வைக்கோலில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையும் போய்விட்டது, ஒன்றுதான் மிஞ்சியது.

"நான் திரும்பிப் பாத்தேன் விங்கோ. அந்தச் சரிவுல. நீ குனிஞ்சு நின்னதப் பாத்தேன். பாத்துட்டுப் போயிட்டேன்."

வெளியே ஒருவன் பனியைத் தட்டிவிட்டான்.

"கோவத்துல போயிட்டேன். வலின்னு தெரிஞ்சுதான் போனேன். மருந்தும் என் பையிலதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீ வந்துட்டன்னு ஏட்டுல வேற எழுதி வச்சேன். உன்னைத் தேடாம எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க."

"நீ திரும்புறது தெரிஞ்சுதான் நிமிந்தேன்" என்றான் விங்கோ.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ திரும்பிக்கிட்டதும் மறுபடி குனிஞ்சேன். ஒதுங்கவெல்லாம் போகல. நெஞ்சு அமுக்குச்சு. அந்தப் பையன் முன்னாடி உக்கார வெக்கமா இருந்துச்சு, அதான் அவனை அனுப்பினேன்." அவன் குரல் கீழே இறங்கியது. "இங்க வந்து உக்காந்தா மருந்து இல்ல. மருந்தக் குடுக்காம போயிட்டாளேன்னு உன்னைத் திட்டினேன். ரொம்ப நேரம் திட்டினேன். அப்புறம் திட்ட மூச்சு வரல. அப்ப ரொம்பப் பயந்துட்டேன் பிரெடா."

முப்பத்து மூன்று வருடத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. மருத்துவமனையில்கூடச் சொல்லவில்லை. அவள் அவன் பூட்ஸில் அப்பியிருந்த பனியைக் கையால் தட்டிவிட்டாள், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"கட்டில்ல படுத்துக்க" என்றாள். "எனக்காக."

அவன் மீட்புக் குழுவினரைப் பார்த்துத் தலையசைத்தான். அவர்கள் அவனைத் தூக்கிப் படுக்க வைத்து, கம்பளியைச் சுற்றி, நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் பட்டையைப் போட்டு இறுக்கினார்கள். தலை அசையாதபடி இரண்டு பக்கமும் மெத்தை வைத்தார்கள். கீழே சாலையில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றார்கள். லூபோவின் வண்டியில் போகலாம் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. தடேயா தன் பனிச்செருப்பையே கழற்றி அவள் காலில் கட்டிவிட்டு, "மெதுவா நட, நீ அவங்க தடத்துலயே மிதிச்சு வா" என்றாள்.

இரண்டு பேர் முன்னால் கயிற்றை இழுக்க, ஒருவன் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, கட்டில் சரசரவென்று சறுக்கியது. மூடுபனி இன்னும் விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் மரங்கள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை. பிரெடா கட்டிலுக்குப் பின்னால் நடந்தாள். அவளுக்கு அவன் குல்லாயின் உச்சி மட்டும் தெரிந்தது. அவனுக்கு மேலே வெள்ளை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"பிரெடா."

"என்ன?"

"இருக்கியா?"

"இருக்கேன்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டான். இருக்கிறேன் என்றாள். ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி கேட்டான். கயிறு பிடித்திருந்தவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பிரெடாவுக்கு மூக்கு வழிந்தது, மூச்சு வாங்கியது, செருப்பு இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டது.

"இருக்கேன்னு எத்தனை தடவ சொல்றது? வாய மூடிட்டுப் படு."

விங்கோ வாயை மூடிக்கொண்டான். நாற்பது அடி போயிருக்கும். மறுபடி கேட்டான், அவளும் சொன்னாள்.